டெப் லோகோவிலேயே நிற்கிறது, உள்ளே இருப்பதை இழக்காமல் ஃபர்ம்வேர் போடலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சி இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். அவளுடைய சாம்சங் கேலக்ஸி டெப் ஏ7 லைட், சிம் போடுகிற எஸ்எம்-டி225, மூன்று நாளாகச் சாம்சங் என்ற எழுத்தைத் தாண்டிப் போகவில்லை. அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினால், "சொஃப்ட்வெயார் அடிக்கணும், உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் போயிடும்" என்கிறார்கள். இரண்டு வருட டியூஷன் நோட்ஸ் படமாக அதற்குள்தான் இருக்கிறது. வீட்டில் பழைய லெப்டொப் ஒன்று உண்டு. நானே செய்யலாமா, நோட்ஸ் தப்புமா என்பது அவருடைய கேள்வி.

செய்யலாம் தம்பி. நோட்ஸ் தப்பவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஃபர்ம்வேர், அதாவது டெப்பை இயக்குகிற மென்பொருள், போடுவது ஒரு வேலை, உள்ளே இருப்பதை அழிப்பது இன்னொரு வேலை. டெப்பின் சேமிப்புச் சிப்புக்குள் ஆண்ட்ராய்ட் இருக்கிற பகுதி வேறு, உங்கள் படங்களும் ஆப்களும் இருக்கிற பகுதி வேறு. சாம்சங்கில் முதலாவதை மட்டும் புதிதாக எழுதிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விடலாம். பல கடைகளில் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் அழித்துவிட்டுப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், டெப் திரும்பி வருகிற வாய்ப்பும் குறைவு. 2021இல், பாடசாலைகள் மூடிக்கிடந்த நேரத்தில், என் அண்ணன் மகளின் டெப்பை ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துத் தந்தார்கள். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே குந்தியிருந்து அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்த விஞ்ஞான நோட்ஸ் அத்தனையும் போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

லெப்டொப்பைத் திறந்ததும் முதல் வேலையாகத் தங்கச்சியின் கூகுள் கணக்கில் நுழைந்து கூகுள் ஃபோட்டோஸைப் பாருங்கள். அவளுக்கே தெரியாமல் பாதிப் படங்கள் மேலே ஏறியிருக்கலாம். டியூஷன் வாட்ஸ்அப் குழுவில் வந்த நோட்ஸ் என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகளின் ஃபோனிலும் இருக்கும். டெப்பில் மெமரி கார்டு இருந்தால் கழற்றி வேறொரு ஃபோனில் போட்டுப் பாருங்கள். அது டெப்புக்குள் வைத்து என்க்ரிப்ட் செய்த (வேறு கருவியால் படிக்க முடியாதபடி பூட்டிய) கார்டு இல்லையென்றால் சாதாரணமாகத் திறக்கும். கார்டு பழுதானாலும் சில டெப்கள் லோகோவில் சிக்கும், ஆகவே கார்டையும் சிம்மையும் வெளியே வைத்துவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

அந்தக் கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்பதையும் இப்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் டெப் வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் திறந்து போட்டுத் தருவது வழக்கம். பிறகு அந்தப் பாஸ்வேர்ட் வீட்டில் யாருக்கும் தெரியாது. டெப்பை முழுதாக அழித்தால், மறுபடி எரியும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அது திருட்டுக்கு எதிரான பூட்டு, ஃபர்ம்வேரை எத்தனை முறை போட்டாலும் திறக்காது. அழிப்பதற்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஈரம். இந்த மழைக்குப் பையில் வைத்துக் கொண்டு போன டெப் என்றால் சார்ஜ் போடும் துளையில் ஈரம் நிற்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் படுகிற இடத்தில் ஒரு நாள் விடுங்கள். அடுப்படியில் சாமான் காயவைக்கிற பழக்கத்தில் இதையும் அடுப்புப் பக்கம் வைத்துவிட வேண்டாம். சூடு பட்டால் பெட்டரி ஊதும்.

இனி டெப்புக்கு வருவோம். நல்ல சார்ஜரில் இரண்டு மணித்தியாலம் போடுங்கள். ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து, திரை கறுக்கும்வரை அமத்திப் பிடியுங்கள். ஏழெட்டு வினாடி எடுக்கும். சில நேரம் இவ்வளவிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் ரிகவரி திரைக்கு, அதாவது ஆண்ட்ராய்ட் எரியாமலே வருகிற பழுதுபார்க்கும் பட்டியலுக்கு, போக வேண்டும். ஆண்ட்ராய்ட் 11க்குப் பிறகு சாம்சங்கில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. டெப்பைக் கேபிளால் கணினியோடு இணைத்திருந்தால்தான் ரிகவரி வரும். இது தெரியாமல் "பொத்தான் வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேபிளை இணைத்து, திரை கறுத்த உடனே ஒலி கூட்டும் பொத்தானையும் பவரையும் அமத்துங்கள். கறுப்புத் திரையில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம், படங்கள் போகாது. 'ரிப்பேர் ஆப்ஸ்' என்ற வரி இருந்தால் அதையும் செய்து பார்க்கலாம். அவற்றுக்குப் பக்கத்திலேயே 'வைப் டேட்டா, ஃபாக்டரி ரீசெட்' என்று இருக்கும். அதன்மேல் நிற்கும்போது விரலைக் கவனமாக வையுங்கள், அழிக்கிற வரி அதுதான்.

அந்தத் திரையை விட்டு வெளியேறுமுன் ஒரு ஃபோனால் படமெடுத்துக் கொள்ளுங்கள். மேலே இரண்டு மூன்று வரிகளில் மாடலும், இப்போது உள்ளே இருக்கிற ஃபர்ம்வேர் பதிப்பைக் காட்டும் பில்ட் எண்ணும் இருக்கும். அந்தப் பில்ட் எண்ணின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்தாவது இடத்தில் ஓர் இலக்கம் வரும். ஒன்பதைத் தாண்டினால் ஏ, பி என்று எழுத்தாக மாறும். அது பூட்லோடரின், அதாவது டெப்பை முதலில் எழுப்புகிற சின்ன மென்பொருளின், படி. நீங்கள் போடப்போகும் ஃபர்ம்வேரில் அதே இடத்தில் அதே இலக்கமோ அதைவிடக் கூடியதோ இருக்க வேண்டும். குறைந்த இலக்கம் என்றால் டெப் ஏற்றுக்கொள்ளாது, 'எஸ்.டபிள்யூ ரெவ் செக் ஃபெய்ல்' என்று எழுதி நிற்கும். பழைய பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் திரும்ப விடக்கூடாது என்று சாம்சங் வைத்திருக்கிற தடை அது.

மாடலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். டெப் ஏ7 லைட்டிலேயே வைஃபை மட்டும் உள்ளது எஸ்எம்-டி220, சிம் போடுவது எஸ்எம்-டி225. பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஃபர்ம்வேர் வேறு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நாட்டுக் குறியீடு. இலங்கையில் விற்ற சாம்சங்குக்கு எஸ்.எல்.கே. ஆனால் நம் தோட்டங்களில் பாதி டெப், வெளிநாட்டில் வேலை செய்கிற அம்மாவோ சித்தியோ அனுப்பியது. சவூதியில் வாங்கியதென்றால் கே.எஸ்.ஏ, துபாய்ப் பக்கம் என்றால் எக்ஸ்.எஸ்.ஜி. தரவை அழிக்காமல் ஃபர்ம்வேர் போட வேண்டுமென்றால் அதே நாட்டுக் கோப்பைப் போடுவதுதான் பாதுகாப்பு. மாற்றிப் போட்டால் பழைய அமைப்புகளோடு ஒத்துப்போகாமல் மறுபடி லோகோவில் நிற்கலாம். பெட்டி இருந்தால் அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். இல்லையென்றால், பிறகு ஃபர்ம்வேர் எழுதுவதற்காகத் திறக்கப்போகும் டவுன்லோட் திரையில் 'கேரியர் ஐ.டி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றும் கையில் வந்தபின் இறக்குகிற வேலை. ஃப்ரிஜா என்றொரு சின்ன விண்டோஸ் மென்பொருள் சாம்சங்கின் சேர்வரிலிருந்தே நேரடியாக எடுத்துத் தரும். கண்ட இடத்தில் கிடைக்கிற 'கிராக்' கோப்புகளை விட இதைத்தான் நான் நம்புகிறேன். கோப்பு பல ஜி.பி. வரும். உங்கள் பக்கம் பகலில் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியும், இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள். லெப்டொப் தூங்காதபடி பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். இறங்கிய ஸிப் (zip) கோப்பை 7-ஸிப் என்ற மென்பொருளில் வைத்து 'டெஸ்ட்' கொடுத்தால், வழியில் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விரித்தால் ஐந்து கோப்புகள். பெயர்கள் பி.எல், ஏ.பி, சி.பி, சி.எஸ்.சி, ஹோம் சி.எஸ்.சி என்று தொடங்கும். சிம் இல்லாத மாடலில் சி.பி இருக்காது. தங்கச்சியின் நோட்ஸ் தப்புவதும் போவதும் கடைசி இரண்டில் எதை எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. சி.எஸ்.சி என்று தொடங்குவதைப் போட்டால் எல்லாம் அழியும். ஹோம் சி.எஸ்.சி என்று தொடங்குவதைப் போட்டால் படங்களும் ஆப்களும் இருந்தபடியே இருக்கும். நீங்கள் எடுக்க வேண்டியது ஹோம். நான் செய்யும்போது மற்றதை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத்தான் தொடங்குவேன், கை மாறிப் போகக் கூடாது என்று.

இந்தக் கோப்புகளை டெப்பில் எழுதுகிற கருவியின் பெயர் ஓடின். நான் சொல்வது விண்டோஸில் ஓடுவது. சாம்சங் தன் உள்வேலைக்குச் செய்த கருவி, பொதுமக்களுக்கென்று அவர்கள் வெளியிட்டதில்லை. அதனால் போலிகளும் வைரஸ் ஒட்டியவையும் நிறைய. 3.14 வரிசையில் உள்ளதை, நம்பிக்கையான ஒருவரிடமிருந்து வாங்குவது நல்லது. டெப்பை லெப்டொப் அடையாளம் காண்பதற்கான சாம்சங்கின் யு.எஸ்.பி டிரைவரையும் போட்டுவிட்டு லெப்டொப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என்னிடம் வருகிற பழுதுகளில் கணிசமானவை கேபிள் பழுதுதான். டவுனில் மலிவாகக் கிடைக்கிற பல கேபிள்களில் சார்ஜ் போகிற கம்பி மட்டும் இருக்கும், தரவு போகிற கம்பி இருக்காது. சோதிக்க ஒரு வழி உண்டு. அதே கேபிளால் வேலை செய்கிற ஒரு ஃபோனை லெப்டொப்பில் செருகி, பெரிய வீடியோ ஒன்றைக் கொப்பி செய்யுங்கள். அது போகும்போது கேபிளின் கழுத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கொப்பி பாதியில் நின்றால் அந்தக் கேபிள் வேண்டாம். யு.எஸ்.பி ஹப்பும் வேண்டாம், லெப்டொப்பின் உடம்பிலேயே செருகுங்கள்.

கரண்டும் அப்படித்தான். 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த நாட்களில், பெட்டரி இல்லாத டெஸ்க்டொப்பில் ஒரு டெப்புக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீதியில் விளக்கெல்லாம் அணைந்தது, கணினியும் அணைந்தது. டெப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது, மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பிழை நேர்ந்தது, ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற சாம்சங்கின் கணினி மென்பொருளில் உள்ள அவசர மீட்பைப் பயன்படுத்து என்று. முதலில் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அந்தத் திரை உண்மையில் டவுன்லோட் நிலைதான். கரண்ட் வந்தபின் கேபிளை மறுபடி செருகினேன், ஓடின் அடையாளம் கண்டது, முதலிலிருந்து எழுதினேன், சரியாகிவிட்டது. உங்களுக்கும் அந்தத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். பயந்து டெப்பைக் கழற்றப் போகவும் வேண்டாம். ஆனாலும் அந்த நிலைக்கு விடாமல் இருப்பது மேல். லெப்டொப் பெட்டரி ஒரு மணித்தியாலமாவது தாங்க வேண்டும், டெப்பில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும். சித்திரை மாதத்துப் பின்னேர இடி மின்னலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், காலையில் செய்யுங்கள்.

சரி, இனி எழுதுவது. டெப்பை அணைக்க வேண்டும். உங்களுடையது தானாக எரிந்துகொண்டே இருப்பதால், பவரையும் ஒலி குறைப்பதையும் அமத்தி, திரை கறுத்த அந்த நொடியில் விரலை மாற்றி, ஒலிப் பொத்தான் இரண்டையும் ஒன்றாக அமத்தியபடி லெப்டொப்பில் செருகிய கேபிளை டெப்பில் போடுங்கள். இதற்கு இரண்டு பேர் இருந்தால் சுகம், ஒருவர் பொத்தானைப் பிடிக்க மற்றவர் கேபிளைச் செருகலாம். இளநீலத் திரையில் எச்சரிக்கை வரும். ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை அமத்தினால் உள்ளே போகும்.

ஓடினில் மேலே இடப்பக்கம் ஒரு சின்னக் கட்டம் நீலமாகி, அதில் கொம் என்று ஓர் எண்ணோடு வரும். வரவில்லையென்றால் டிரைவர் அல்லது கேபிள். வந்தால் ஒவ்வொரு கோப்பையும் அதனதன் இடத்தில் போடுங்கள், ஹோம் சி.எஸ்.சியை சி.எஸ்.சி என்ற இடத்தில். யூசர்டேட்டா இடம் வெறுமையாகவே இருக்கட்டும். ஏ.பியைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் உறைந்துபோன மாதிரி நிற்கும், 'பதிலளிக்கவில்லை' என்றுகூட விண்டோஸ் சொல்லும். மூடிவிடாதீர்கள். பல ஜி.பி. கோப்பை அது வரிவரியாகச் சரிபார்த்துக் கொண்டிருக்கிறது, பழைய லெப்டொப்பில் ஐந்து பத்து நிமிடம்கூட ஆகும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். ஓப்ஷன்ஸ் பக்கத்தில் 'ஓட்டோ ரீபூட்', 'எஃப் ரீசெட் டைம்' இரண்டும்தான் சரி போட்டிருக்க வேண்டும். 'ரீ-பார்ட்டிஷன்', 'நேண்ட் இரேஸ்' இரண்டையும் தொடவே கூடாது. பிறகு ஸ்டார்ட்.

இடப்பக்கக் கட்டத்தில் வரிகள் ஓடும், டெப்பில் ஒரு கோடு மெல்ல நீளும். அந்த நேரத்தில் மேசையை யாரும் ஆட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டம் பச்சையாகி 'பாஸ்' என்று வந்தால் டெப் தானாக எரியும். முதல் முறை எரிய பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கலாம். அப்போதும் சாம்சங் எழுத்துத்தான் தெரியும், மறுபடி சிக்கிவிட்டது என்று நினைத்துப் பொத்தானை அமத்தாதீர்கள்.

சிவப்பில் 'ஃபெய்ல்' வந்தால் அதற்கு முன் எந்த வரியில் நின்றது என்பதுதான் முக்கியம். 'செட்டப் கனெக்ஷன்' என்ற வரியில் நின்றால் கேபிளையும் யு.எஸ்.பி துளையையும் மாற்றுங்கள். மற்றது, 'நேண்ட் ரைட்' தொடங்கிய பிறகு, கேபிள் மாற்றியும் கணினி மாற்றியும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் சேமிப்புச் சிப்பே தேய்ந்திருக்கலாம். அதற்கு ஃபர்ம்வேர் மருந்தில்லை. சிப் மாற்றுகிற வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும், அப்படி மாற்றினால் பழைய படங்கள் வராது.

எல்லாம் 'பாஸ்' ஆகியும் லோகோவில் நின்றால், கெட்டது தரவுப் பகுதி. அப்போதுதான் சி.எஸ்.சி கோப்போ ரிகவரியில் அழிப்பதோ. அதைச் செய்யுமுன் தங்கச்சியிடம் சொல்லி, கூகுள் பாஸ்வேர்டை ஒருமுறை லெப்டொப்பில் போட்டுச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். அழித்தபின் எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க முடியாது. உள்ளே இருப்பது என்க்ரிப்ட் ஆனது, அழிக்கும்போது அதன் சாவியும் சேர்ந்து போய்விடும்.

உங்கள் லயத்தில் மற்றப் பிள்ளைகளிடம் வேறு டெப்கள் இருக்கும், அவர்களும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெனோவாவுக்கு அந்த நிறுவனமே 'சொஃப்ட்வெயார் ஃபிக்ஸ்' என்ற கருவியைத் தருகிறது. மாடலைக் கண்டுபிடித்துச் சரியான கோப்பைத் தானே இறக்கும், ஆனால் மீட்கும்போது உள்ளே இருப்பதை அழிக்கும்.

பெயர் தெரியாத மலிவு டெப்களில்தான் நிறையக் கவனம் வேண்டும். ஒரே உறை, ஒரே பெயர், உள்ளே இருக்கிற போர்ட், அதாவது மின்சுற்றுப் பலகை, வேறுவேறாக இருக்கும். வேறு போர்டின் ஃபர்ம்வேரைப் போட்டால் எரியும், ஆனால் தொடுதிரை தலைகீழாக வேலை செய்யும், அல்லது திரை வெறும் வெள்ளையாக நிற்கும். பின்மூடியைத் திறந்து போர்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் தேட வேண்டும். மீடியாடெக் சிப் என்றால் எழுதுகிற கருவி எஸ்.பி ஃபிளாஷ் டூல். அதில் 'டவுன்லோட் ஒன்லி' மட்டும். 'ஃபோர்மட் ஓல்' என்பதை அமத்தினால் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ எண் இருக்கிற பகுதியும் அழியும், பிறகு சிம் வேலை செய்யாது. ஆகவே இயங்குகிற நாளிலேயே *#06# அடித்து அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாங்குவதற்கு முன் என்றால், ஐ.எம்.இ.ஐ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் அந்த 15 இலக்கமும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரியும்.

ஐபேட் என்றால் ஐடியூன்ஸ், அல்லது புதிய விண்டோஸில் 'ஆப்பிள் டிவைசஸ்'. ரிகவரி நிலையில் செருகியதும் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு கேட்கும். அப்டேட்தான் தரவை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் புதிதாகப் போடுவது. நம் மலைகளில் வருகிற சிக்கல் என்னவென்றால், இறக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஐபேட் ரிகவரியை விட்டு வெளியே வந்துவிடும். இங்கே 15 நிமிடத்தில் எந்தக் கோப்பு இறங்கும்? அதனால் ஐபேட்டின் ஃபர்ம்வேர் கோப்பான ஐ.பி.எஸ்.டபிள்யூ கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விசையை அமத்தியபடி அப்டேட்டைச் சொடுக்கி அந்தக் கோப்பைக் காட்டுங்கள். ஆப்பிள் அந்த நேரத்தில் அனுமதிக்கிற பதிப்பு மட்டும்தான் ஏறும், எனவே மாதக்கணக்கில் பழைய கோப்பு உதவாது.

டெப் எரிந்து தங்கச்சியின் படங்கள் கண்ணில் பட்டதும், முதலில் நோட்ஸ் இருக்கிற ஃபோல்டர்களை அதே கேபிளால் லெப்டொப்புக்குக் கொப்பி செய்துவிடுங்கள். சார்ஜ் இறங்குமுன், வேறு எதுவும் தொடுமுன். சிவப்பு வந்துவிட்டால், ஓடின் கட்டத்தின் கடைசி நான்கு வரிகளையும் டெப் திரையின் மேல் மூலையையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி. அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன்.